பழைய சிலிண்டர் ஹெட்டை வண்டியில் மாட்டும் முன் சுத்தம் செய்வது எப்படி

ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டாலோ, வால்வு உடைந்து உள்ளே குத்திவிட்டாலோ, 100 சிசி பைக்குக்குச் சிலிண்டரின் மேல்மூடியாக வரும் சிலிண்டர் ஹெட்டைப் புதிதாக வாங்கப் பலருக்கும் மனசு வராது. பழைய ஹெட் ஒன்றைத் தேடி வாங்குவோம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பிரித்துப் போட்ட ஹெட்டுகள் குவியலாகவே கிடக்கும். கையில் எடுத்தால் கறுப்புப் பிசுக்கும் மண்ணும் கலந்து அரை அங்குலத்துக்கு ஒட்டியிருக்கும். அதைக் கழுவித்தான் மாட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எதைக் கழுவ வேண்டும் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். வெளியே வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்ப்பார்கள், உள்ளே எண்ணெய் ஏறும் துளையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஹெட்டில் மூன்று இடங்கள் உண்மையிலேயே சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்த் துளைகள், பேக்கிங் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தாள்) உட்காரும் தட்டையான முகம், வால்வு உட்காரும் சீட். வெளிப்பக்கத்தில் தகடு தகடாக இருக்கும் ஃபின்களுக்கு இடையே அடைத்திருக்கும் மண் போனால் போதும், காற்று புகுந்து சூடு தணியும். அலுமினியம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். தேய்க்கும்போது நாமே உள்ளே விடும் எமரித் தூளும் மணலும் பஞ்சு நூலும், ஹெட்டில் ஏற்கெனவே இருந்த அழுக்கைவிட அதிகமாக இன்ஜினைக் கெடுக்கும். இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியதுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது காற்றில் குளிரும், ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, வால்வைத் திறக்கும் கேம் மேலே உள்ள 100 முதல் 125 சிசி வண்டியின் ஹெட். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய புல்லட்டில் கேம் கீழே இருக்கும். அந்த வேலை மட்டும் குறையும், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

கழுவும் முன் பாருங்கள்

அழுக்கோடு இருக்கும்போதுதான் ஹெட் தன் கதையைச் சொல்லும். கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். அதனால் முதலில் நல்ல வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைகீழாகத் திருப்பி எரிப்பறையைப் பாருங்கள். உலர்ந்த கறுப்புக் கரி மெல்லியதாக இருந்தால் கவலை இல்லை. ஈரமாக, பிசுபிசுப்பாக, கட்டியான கரி இருந்தால் அந்த வண்டி எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வால்வு சீலோ, வால்வுத் தண்டு ஓடும் வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் ரிங் போயிருக்கலாம். ரிங் என்றால் நமக்குப் பிரச்சினை இல்லை, அது அந்த வண்டியோடு போய்விட்டது. கைடு என்றால் அது ஹெட்டோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது, பின்னால் சோதித்தே ஆக வேண்டும். பேக்கிங் முகத்தில் சிலிண்டர் வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அங்கே கேஸ் கசிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தைப் படத்தில் குறித்து வையுங்கள்.

அப்புறம் விரிசல். இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் உள்ள குறுகிய பாலத்திலும், சீட்டுக்கும் பிளக் துளைக்கும் இடையிலும்தான் பெரும்பாலும் விரிசல் விழும். இருந்தால் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேம் சுழலும் இடத்தையும் பாருங்கள். சில ஹெட்டுகளில் அங்கே பேரிங் இருக்கும், பேரிங் தேய்ந்தால் மாற்றலாம். சிலவற்றில் கேம் அலுமினியத்திலேயே நேரடியாகச் சுழலும். அதில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமான கோடுகள் விழுந்திருந்தால், அந்த ஹெட் எண்ணெய் இல்லாமல் ஓடியது. அதைக் கழுவுவது வீண் வேலை. பிளக் மரை மட்டும் போயிருந்தால் லேத் பட்டறையில் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுச் சரிசெய்துவிடலாம்.

உங்கள் பழைய ஹெட்டைப் பக்கத்தில் வைத்து, ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளைகளின் தூரம், எண்ணெய்த் துளை இருக்கும் இடம், இன்டேக் வாயின் அளவு மூன்றும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் இருக்கும். முழுக்கக் கழுவிய பிறகு இது தெரிந்தால் நொந்துபோவீர்கள்.

என்னென்ன வேண்டும், எதை வைத்துக் கழுவலாம்

இரண்டு பெரிய தட்டு, பழைய டூத் பிரஷ்கள், பித்தளைக் கம்பி பிரஷ், மூங்கில் குச்சி அல்லது ஐஸ்கிரீம் குச்சி, கார்ப் கிளீனர் ஸ்பிரே ஒன்று, வால்வு ஸ்பிரிங் கம்ப்ரசர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப், ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பைகள். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் வேண்டும். சாதாரண ரப்பர் கையுறை பெட்ரோல், டீசலில் ஊறிக் கிழிந்துவிடும்.

துணி விஷயத்தில் கவனம். மெக்கானிக் கடைகளில் இருக்கும் பஞ்சு வேஸ்ட் வெளிப்பக்கம் துடைக்க அருமையானது, ஆனால் உள்ளே அதைத் தொடவே கூடாது. அதன் நூல் பிரிந்து எண்ணெய்த் துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே துடைக்க, துவைத்த பழைய பனியன் துணி அல்லது காட்டன் வேட்டித் துணி, ஓரம் பிரியாததாகப் பார்த்து எடுங்கள்.

பிசுக்கைக் கரைக்கப் பலரும் பெட்ரோலைத்தான் எடுக்கிறார்கள். வேகமாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி அளவிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் வெயிலில் ஒரு தட்டு நிறையப் பெட்ரோல் வைத்தால், அந்த ஆவி தரையோடு தவழ்ந்து நாலு அடி தள்ளியிருக்கும் சுவிட்ச் பொறியையோ பூஜையறை விளக்கையோ தொட்டுவிடும். டீசலும் மண்ணெண்ணெயும் அப்படி உடனே பற்றாது, இவற்றிலும் தீயை அருகில் விடக் கூடாது என்பது வேறு விஷயம். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, டீசல் போதும். கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள்.

காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். இரும்புப் பாகத்தின் பிசுக்கை எடுக்க அதைக் கொதிக்க வைத்து ஊற்றுவது பழைய வழக்கம். அலுமினியம் காஸ்டிக்கோடு சேர்ந்தால் நுரைத்து ஹைட்ரஜன் வாயு வரும், உலோகமே கரையும். அரை மணி நேரம் மறந்துவிட்டால் பேக்கிங் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டும் இப்படித்தான். பார்க்க வெள்ளையாகிவிடும், ஆனால் அரித்திருக்கும். சில வாட்டர் வாஷ் கடைகளில் ‘வெள்ளையாக்கித் தருகிறோம்’ என்று சொல்லி அடிப்பதும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆசிட்தான். உங்கள் ஹெட்டை அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

முதலில் வெளிப்பக்கம்

எதையும் கழற்றும் முன் வெளிப்பக்கத்தை முடித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு செய்தால், ஃபின்னில் இருக்கும் மண் நேராக கைடுக்குள் விழும்.

பழைய பிளக் ஒன்றைத் துளையில் முடுக்குங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்கள் இரண்டையும் துணியால் அடையுங்கள். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உள்ளே மறந்துபோன துணியால் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் உண்டு. பிறகு காய்ந்த மண்ணை மரக்குச்சியால் உதிர்த்துவிட்டு, டீசலில் நனைத்த பிரஷால் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். மறுபடி தேய்த்தால் பிசுக்கு கறுப்புச் சேறாக வழியும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஃபின்களுக்கு நடுவே பிரஷ் நுழையாத இடத்தில் துணியைக் கயிறுபோல் முறுக்கி, முன்னும் பின்னும் இழுத்தால் போய்விடும். டிரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி வீலை இங்கே எடுக்காதீர்கள். அலுமினியத்தைக் கிழிப்பதோடு, உதிரும் கம்பித் துண்டுகள் எங்கே போய் ஒளியும் என்று சொல்ல முடியாது.

சாண்ட் பிளாஸ்டிங் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பிரித்த ஹெட்டை மணலோ கண்ணாடி மணியோ வைத்து அடித்தால் பத்து நிமிடத்தில் புதிதுபோல் ஆகிவிடும். ஆனால் அந்தத் துகள் ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு மரையிலும் நெருக்கி அடைத்துக்கொள்ளும். கழுவினாலும் முழுக்க வராது. இன்ஜின் சூடாகி விரியும்போது ஒவ்வொன்றாக விடுபட்டு எண்ணெயில் கலக்கும். கார்புரேட்டர் மூடி, கிக்கர் மாதிரி வெளிப் பாகங்களுக்கு அது பரவாயில்லை. எண்ணெய் ஓடும் பாகத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

வால்வைக் கழற்றும் முன் கரியை எடுங்கள்

கேம், அது தள்ளி வால்வை அழுத்தும் ராக்கர் இரண்டையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். வால்வுகளை இப்போது கழற்ற வேண்டாம். அவை மூடியிருந்தால்தான் சுரண்டும்போது குச்சி நழுவினாலும் சீட் தப்பிக்கும், கரித்தூள் கைடுக்குள் போகாது.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்தால் எரிப்பறை ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி நிற்கும். அதில் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் கரி மெத்தென்று ஆகியிருக்கும். மூங்கில் குச்சியின் நுனியை உளிபோல் சீவிச் சுரண்டுங்கள். மீதத்தைப் பித்தளை பிரஷ் எடுத்துக்கொள்ளும். விடாப்பிடியாக நிற்கும் இடத்தில் கார்ப் கிளீனர் அடித்து ஐந்து நிமிடம் பொறுத்துச் சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவரை எடுக்கத் தோன்றும். எடுத்தால் அலுமினியத்தில் ஆழமான கோடு விழும். அதன் கூர்மையான விளிம்பு மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகும், புதிய கரியும் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில்தான் நின்றது. அதற்கு முந்திய வண்டியிலிருந்து வந்த ஹெட், பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்றால், அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். பழைய பேக்கிங்கில் அஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அதனால் எப்போதும் ஈரமாக வைத்தே சுரண்டுங்கள். காய்ந்த தூளை வாயால் ஊதுவது கூடாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் டீக்குப் போக வேண்டும்.

வால்வு கழற்றுவது

கம்ப்ரசரால் ஸ்பிரிங்கை அழுத்தினால் மேலே இரண்டு பாதியாக இருக்கும் காட்டர் லாக் தெரியும். காந்த நுனி உள்ள கம்பியால் எடுங்கள். அரிசி மணி அளவில் இருக்கும், தெறித்தால் கிடைக்காது. அகலமான தட்டுக்குள் வைத்தோ, ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டோ செய்தால் தேட வேண்டியதில்லை. இன்டேக் வால்வின் சாமான்கள் ஒரு பை, எக்ஸாஸ்ட் வால்வுடையது இன்னொரு பை. இன்டேக் வால்வின் தலை பெரியதாக இருக்கும், அதனால் வால்வு மாறாது. ஆனால் ஸ்பிரிங்கும் லாக்கும் தாம் பழகிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். ஸ்பிரிங்கைக் கவனித்தால் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்த முனை ஹெட் பக்கம்தான் உட்கார வேண்டும். கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்வை இழுக்கும் முன் அதன் நுனியைத் தடவிப் பாருங்கள். ராக்கர் அடித்து அடித்து நுனியும் லாக் பள்ளத்தின் விளிம்பும் பிசிறு தட்டியிருக்கும். அப்படியே இழுத்தால் அந்தப் பிசிறு கைடின் உட்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே வரும். எண்ணெய்க் கல்லாலோ மெல்லிய அரத்தாலோ பிசிறை எடுத்துவிட்டு, துடைத்து, பிறகு இழுங்கள். தடங்கல் இல்லாமல் வர வேண்டும்.

இப்போது கைடைச் சோதியுங்கள். வால்வை அதன் இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். சுத்தமான கைடில் லேசான அசைவு மட்டும் இருக்கும். கடகடவென்று ஆடினால் கைடு மாற்ற வேண்டும். அது லேத் பட்டறை வேலை, அங்கேயே சீட்டை வெட்டிச் சரிசெய்யும் சீட் கட்டிங்கும் செய்ய வேண்டிவரும். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு ஹெட் வாங்குவது மேல் என்று தோன்றலாம், பல சமயம் அதுதான் சரி.

வால்வு சீல்களைப் பிடுங்கித் தூக்கிப் போடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் பழைய சீலைத் திரும்பப் போடுவதில் அர்த்தமே இல்லை. சில்லறைக் காசில் வரும் பொருள் அது, போனால் வண்டி நீலப் புகை விடும், மறுபடி ஹெட் இறக்க வேண்டும்.

பேக்கிங் முகம்

பழைய பேக்கிங் பொசுங்கி ஒட்டியிருக்கும். பேக்கிங்கை இளக்கும் கேஸ்கெட் ரிமூவர் ஸ்பிரே இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் டீசல் துணியைப் போட்டு ஊறவிடுங்கள். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் தள்ளுங்கள். கடைசி மிச்சத்துக்கு மட்டும் புது பிளேடு ஒன்றை, முகத்தோடு படுக்கையாக வைத்து, அழுத்தாமல் ஓட்டலாம். முனை குத்தினால் பள்ளம் விழும்.

இங்கேதான் பலர் டிரில்லில் ஸ்காட்ச் பிரைட் வட்டை மாட்டித் தேய்த்துவிடுவார்கள். அரை நிமிடத்தில் பளிச்சென்று ஆகும். அந்த வட்டில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, எமரிச் சீலையில் இருக்கும் அதே கடினமான பொருள். தேயத் தேய அது நுண்ணிய தூளாகப் பறந்து எண்ணெய்த் துளைகளில் படியும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வட்டுகளை இன்ஜின் பேக்கிங் முகங்களில் பயன்படுத்தக் கூடாது என்று தன் சர்வீஸ் நிலையங்களுக்கு அறிவிப்பே அனுப்பியது. பேரிங்குகள் அரித்துப்போய் இன்ஜின் கெட்டதுதான் காரணம். வட்டு மட்டும் கண்ணில் பட்டால் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

சுத்தமான முகத்தின் மேல் நேரான இரும்பு ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி, நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவிட்டத்திலும் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். சின்ன வண்டிகளின் கையேடுகள் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ வரையான வளைவைத்தான் அனுமதிக்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. அதற்குமேல் போனால் லேத்தில் கொடுத்து முகம் அடிக்க (சீவிச் சமமாக்க) வேண்டும். கூடியவரை குறைவாக எடுக்கச் சொல்லுங்கள், அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும். சின்ன வளைவுக்கு வீட்டிலேயே கனமான கண்ணாடிப் பலகையின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, டீசல் விட்டு, எட்டு வடிவில் மெதுவாகத் தேய்க்கலாம். செய்வதாக இருந்தால் எண்ணெய்த் துளையை மெழுகால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் மெழுகை நினைவாக எடுங்கள்.

எண்ணெய்த் துளைகள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறத் தனிக் குழாய் கிடையாது. சிலிண்டர் ஸ்டட் போகும் துளைகளில் ஒன்று ஸ்டட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் எண்ணெய் ஏறி, ஒரு குறுக்குத் துளை வழியாகக் கேமுக்கும் ராக்கர் ஷாஃப்டுக்கும் போகும். அந்தக் குறுக்குத் துளை மிகச் சின்னது. பழைய எண்ணெய் கருகிக் கெட்டியான ஒரு துண்டோ, பிதுங்கிய சிலிகான் பேஸ்ட்டின் ஒரு நூலோ போதும், கேம் எண்ணெய் இல்லாமல் ஓடி, சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். மேலே பளபளக்கும் ஹெட்டுக்குள் இது நடப்பது வெளியே தெரியவே தெரியாது. டக்டக் சத்தம் கேட்கும்போது காலம் கடந்திருக்கும்.

முதலில் துளைகளைத் தேடிப் பட்டியல் போடுங்கள். டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாருங்கள். எது எங்கே போய் வெளிவருகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்ப் கிளீனரின் சிவப்புக் குழாயை ஒரு வாயில் வைத்து அடியுங்கள். கண்ணாடி கட்டாயம், எந்த வாயிலிருந்து முகத்தில் பீய்ச்சும் என்று தெரியாது. அடித்தது மறுமுனையில் தடையில்லாமல், உடனே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. நைலான் மீன்பிடி நரம்பையோ மெல்லிய நைலான் பிரஷையோ விட்டு ஆட்டுங்கள். பலவந்தமாக இரும்புக் கம்பி விடாதீர்கள், உள்ளே முறிந்தால் எடுக்க முடியாது. பிறகு காற்று அடியுங்கள். மறுபடி ஸ்பிரே, மறுபடி காற்று. வெளிவருவது வெள்ளைத் துணியில் கறை படாமல் ஆகும்வரை திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அந்த ஹெட் இன்னும் பத்து வருஷம் ஓடுவது இதில்தான் இருக்கிறது.

காற்றுக்குப் பஞ்சர் கடைக்குப் போகலாம். ஆனால் அவர்கள் டாங்கில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். முதலில் ஒரு துணியில் அடித்துப் பாருங்கள், துணி உலர்ந்தே இருந்தால் மட்டும் ஹெட்டில் அடியுங்கள். பேரிங்கைக் கழுவியிருந்தால் அதைக் காற்றடித்துச் சுழல விடக் கூடாது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும், சிதறிக் கண்ணில் அடிக்கவும் செய்யும்.

மறுமுனை இல்லாத மரைத் துளைகளையும் விடாதீர்கள். அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட்டை முடுக்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லாமல் அலுமினியத்தையே பிளந்துவிடும். துணியைக் குச்சியில் சுற்றி அடிவரை விட்டு ஒற்றி எடுங்கள்.

வால்வு கிரைண்டிங்

வால்வின் தலையில் இருக்கும் கரியைப் பித்தளை பிரஷால் எடுங்கள். சீட்டைத் தொடும் சாய்வான முகத்தில் கை வைக்க வேண்டாம். அந்த முகத்தில் குழிகள், ஒரு பக்கம் தேய்ந்த தடம், விளிம்பு கத்திபோல் மெலிந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் புது வால்வு வாங்குங்கள்.

நன்றாக இருந்தால் மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட்டைச் சாய்வு முகத்தில் நாலைந்து புள்ளியாக வையுங்கள். வால்வுத் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய், பேஸ்ட் கைடுக்குள் இறங்கக் கூடாது. நுனியில் ரப்பர் கிண்ணம் உள்ள உறிஞ்சு குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் உருட்டுங்கள். பத்துப் பதினைந்து உருட்டலுக்கு ஒருமுறை தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைத்துத் தொடருங்கள். கரகரச் சத்தம் குறைந்ததும் துடைத்துப் பாருங்கள். சீட்டிலும் வால்விலும் அறுபடாத, ஒரே அகலமான சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். சுமார் 1 மி.மீ அகலம் சரியானது. 1.5 மி.மீயைத் தாண்டிவிட்டால் லேத்தில் சீட் கட்டிங் தேவை. வளையம் வந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். மேலும் தேய்த்தால் சீட் இறங்குமே தவிர நன்மை இல்லை.

கடைசிக் கழுவல்

இதுவரை டீசலிலும் ஸ்பிரேயிலும் கழுவினோம். அவை பிசுக்கைக் கரைக்கும். பேஸ்ட், எமரி ஆகியவற்றின் கடினத் துகளை அவை அகற்றாது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்பிவிடும். துகளை உலோகத்திலிருந்து பிரித்துத் தூக்கிக்கொண்டு போவது சூடான சோப்புத் தண்ணீர்தான். சிலிண்டர் போர் அடித்துத் தரும் நல்ல பட்டறைகளும் கடைசியில் இதைத்தான் செய்வார்கள்.

வாளியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திர சோப் கொஞ்சம். ஹெட்டை முழுக்க முக்கி, டூத் பிரஷால் சீட், வாய், கைடின் உட்பக்கம், மரைகள், எல்லாத் துளையும் தேயுங்கள். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டு மாற்றுங்கள். கடைசியில் சுத்தமான வெந்நீரில் அலசி, ஒரு நிமிடம்கூடத் தள்ளிப் போடாமல் காற்றடித்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், துளைக்குள் நிற்கும் தண்ணீர் காயாது. வால்வு சீட் இரும்புக் கலவை என்பதால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிறமாகத் துரு பிடிக்கத் தொடங்கும். உலர்ந்த உடனே சீட், கைடு, வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றிலும் புது இன்ஜின் ஆயிலை மெல்லியதாகத் தடவுங்கள்.

வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒவ்வோரிடமாகத் துடையுங்கள். சாம்பல் கறை ஒட்டினால் இன்னும் பேஸ்ட் இருக்கிறது, மறுபடி சோப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும். அன்றே மாட்டப் போவதில்லை என்றால் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

மிச்சமான டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் இரண்டு நாள் வைத்தால் சேறு அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்ததை அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அடிச் சேற்றைப் பழைய ஆயில் சேகரிக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சேர்த்து, சோதித்து, மாட்டுவது

புது வால்வு சீல் போட்டு, தண்டில் எண்ணெய் தடவி, வால்வு, ஸ்பிரிங், லாக் எல்லாம் மாட்டுங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் வால்வு நுனியில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினால் லாக் ஒழுங்காக உட்காரும். பிறகு இன்டேக் வாயில் டீசல் ஊற்றி, எரிப்பறைப் பக்கம் பாருங்கள். அடுத்து எக்ஸாஸ்ட் வாய். சில நிமிடம் வரை வால்வு விளிம்பில் ஈரமே வரக் கூடாது. வந்தால் அந்த வால்வுக்குக் கிரைண்டிங் போதவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டு வருந்துவதைவிட இப்போது ஒரு மணி நேரம் போவது எவ்வளவோ மேல்.

புது பேக்கிங், புது ஓ-ரிங் போடுங்கள். எண்ணெய்த் துளையைச் சுற்றி வரும் சின்ன ஓ-ரிங்கும் குழல் பின்னும் விட்டுப்போகாமல் பாருங்கள். பேக்கிங்கில் எண்ணெய்க்காக விட்ட ஓட்டை ஹெட்டின் துளையோடு பொருந்த வேண்டும், திருப்பிப் போட்டால் மூடிக்கொள்ளும். சிலிகான் பேஸ்ட் தடவும் ஆசை வேண்டாம். நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று கட்டமாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். காப்பர் வாஷரும் மூடிய நட்டும் எந்த ஸ்டட்டில் இருந்தனவோ அதே ஸ்டட்டில் வர வேண்டும். எண்ணெய் ஏறும் ஸ்டட் அதுதான், மாறினால் அங்கே கசியும்.

கேம், ராக்கர் மேல் தாராளமாகப் புது ஆயில் ஊற்றுங்கள். டைமிங் குறி வைத்து டேப்பெட் அளவு (ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் உள்ள இடைவெளி) சரிபார்த்த பிறகு, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, இக்னிஷனை அணைத்தபடி, கிக்கரைத் தொடர்ந்து மிதியுங்கள். டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே மிதித்தால், கொஞ்ச நேரத்தில் ராக்கர் பக்கம் புது எண்ணெய் ஊறி வருவது கண்ணில் படும். அது வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வரவே இல்லை என்றால் ஹெட்டை இறக்கித் துளையைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். வந்துவிட்டால் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஆக்சிலரேட்டர் முறுக்காமல் ஓடவிட்டு, பேக்கிங் ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க ஆறிய பிறகு டேப்பெட்டை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலை மாற்றி, இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டி, மினுமினுக்கும் தூள் எதுவும் நிற்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள்.